வண்டிக்குள் ஓடும் கேஸ் குழாயை அளந்து பார்த்துச் சரிசெய்யும் கும்பகோணம் பட்டறை

பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, இரண்டு படுக்கைகளும் ஒரு சிறு சமையல் மேடையும் அமைத்து, அந்த மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்திலும் முறையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்ற பிறகு சூரியனார்கோயில், ஆலங்குடி, திருவெண்காடு, வேளாங்கண்ணி என்று டெல்டாவைச் சுற்றியும், கோடையில் மலைக்கும் அந்த வண்டியில்தான் போய் வருகிறோம். வண்டியின் பின்புறம் ஒரு தகரப் பெட்டிக்குள் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அங்கிருந்து ரெகுலேட்டர், ஒரு ரப்பர் குழாய், பிறகு தரைக்கடியில் ஓடும் செப்புக் குழாய், அதன் முனையில் இரண்டு பர்னர் அடுப்பு. இவ்வளவுதான் எங்கள் கேஸ் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் வந்த கோளாறுகளுக்காக மூன்று மாதங்களுக்கு முன்பு கும்பகோணத்திலுள்ள இந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கே நடந்த வேலையை நிறை குறை இரண்டையும் மறைக்காமல் எழுதுவது, எங்களைப்போல் வண்டியில் சமைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

கோளாறு தொடங்கியது மார்கழியில், கொடைக்கானலில். காலையில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தால் தீ பாதி உயரத்துக்குக்கூட எழவில்லை. குளிர்தான் காரணம் என்று நாங்கள் நினைத்ததற்கு நியாயம் இருந்தது. அமெரிக்காவில் இத்தகைய வீட்டு வண்டிகளுக்கு நிரப்புவது பெரும்பாலும் தனிப் புரொப்பேன். அது மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். நம் ஊர்ச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாமல் திரவமாகவே தங்கிவிடும் என்பதால், மலைக்குளிரில் தீ மந்தமாவது இயல்பே. ஆனால் வண்டி மலையிறங்கி, திருச்சி வெயிலைக் கடந்து, வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் தீ அப்படியே மந்தமாக எரிந்தபோதுதான், பழி குளிரின் மேல் இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

முதலில் வேறோர் ஊரில், வீட்டு அடுப்பு பழுதுபார்க்கும் ஒரு கடைக்குப் போனோம். அவர்கள் எதையும் அளக்காமல் ரெகுலேட்டரை மாற்றினார்கள். பர்னருக்குக் கேஸ் பாயும் ஊசித்துளை முனையான ஜெட்டை ஊசியால் குத்தினார்கள். ஓர் இணைப்பைக் கழற்றி வெள்ளை டேப் சுற்றி முறுக்கினார்கள். சிலிண்டர் பெட்டியின் அடியிலிருந்த துளைகள் வழியே சாலைப் புழுதி வருகிறது என்று சொல்லி அவற்றைப் பஞ்சு வைத்து அடைத்தார்கள். வாயுக் கசிவை அறிவிக்கும் கருவி ஒன்றை மேற்கூரையில் மாட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். தீ சிறிது கூடியதுபோல் தெரிந்தது. ஆனால் ஒரு வாரத்திற்குப் பிறகு, காலையில் வண்டிக் கதவைத் திறந்தவுடன் மெல்லிய கேஸ் நாற்றம் வரத் தொடங்கியது. கேஸுக்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். சிலிண்டர் தீரும் தறுவாயில் அந்த நாற்றம் சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்பதால் அதுவாக இருக்கும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டோம். அந்த இரண்டு நாள்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் பதறுகிறது.

இந்தப் பட்டறைக்கு வண்டி வந்து நின்றதும் மேஸ்திரி செய்த முதல் காரியம், ஒரு கருவியையும் கையில் எடுக்காமல் அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிப் பார்த்தது. சிலிண்டரைக் கழற்றி வெளியே நிழலில் வைக்கச் சொன்னார். எல்லாக் கதவுகளையும் திறக்கவைத்தார். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டார். பிறகு டார்ச் விளக்குடன் வண்டிக்கு அடியில் படுத்து, செப்புக் குழாய் போகும் வழி முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசியில் சிலிண்டர் பெட்டிக்கு வந்து, அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "அம்மா, இது ஒண்ணே போதும், பெரிய ஆபத்துக்கு" என்றார். கேஸ் காற்றைவிடக் கனமானது. தண்ணீர் பள்ளம் தேடிப் போவதுபோல் அது கீழே இறங்கித் தேங்கும். பெட்டியின் அடியில் வழி இருந்தால் கசிந்தது சாலையில் இறங்கிக் காற்றோடு போய்விடும். அந்த வழியை அடைத்தால் அது பெட்டியில் நிரம்பி, இடுக்குகள் வழியே நாம் படுத்துறங்கும் அறைக்குள் வரும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குக் கலந்தாலே அது தீப்பற்றப் போதுமானது. மேற்கூரையில் மாட்டியிருந்த கருவியும் இதே காரணத்தால் பயனற்றதாக இருந்தது. தரையில் தேங்கும் வாயு கூரைவரை நிரம்பிய பிறகுதான் அது கத்தியிருக்கும்.

அதன் பிறகு செய்த சோதனைக்காகவே இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஒரு மரப்பலகையில் 'யு' வடிவில் வளைத்துக் கட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். அதில் பாதி அளவுக்குச் சொட்டுநீலம் கலந்த தண்ணீர். நடுவே ஆணியடித்த அளவுகோல். இதற்கு மனோமீட்டர் என்று பெயர். குழாயின் ஒரு முனையை அடுப்புக்கு அருகிலுள்ள இணைப்பில் மாட்டிக் கேஸைத் திறந்தால், அழுத்தத்தால் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசந்தான் அழுத்தம். நம் வீட்டு ரெகுலேட்டர் தரவேண்டிய அழுத்தம் 30 செ.மீ. நீர்மட்டம். அமெரிக்க வீட்டு வண்டிகளில் இது 11 அங்குலம், அதாவது ஏறத்தாழ 28 செ.மீ. எங்கள் வண்டியில் பர்னர்கள் மூடியிருந்தபோது சரியாக 30 காட்டியது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று என் கணவர் கேட்டார். மேஸ்திரி பதில் சொல்லாமல் ஒரு பர்னரைப் பற்றவைத்தார். மட்டம் 26க்கு இறங்கியது. இரண்டையும் பற்றவைத்ததும் 16க்கு விழுந்தது.

"மதகைத் தொறக்காத வரைக்கும் தலைமடையிலயும் கடைமடையிலயும் தண்ணி ஒரே மட்டமாத்தான் நிக்கும். ஓட விட்டாத்தானே சார் எங்க அடைச்சிருக்குன்னு தெரியும்" என்று அவர் சொன்னதைவிடத் தெளிவாக இதை யாராலும் விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லணையில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேராத ஆண்டுகளைப் பார்த்தவர்கள் நாங்கள். ரெகுலேட்டர் சரியாகத்தான் இருக்கிறது, நடுவழியில்தான் எங்கோ தடை இருக்கிறது என்பது அந்த ஒரே விளக்கத்தில் எங்களுக்கு விளங்கிவிட்டது. முதல் கடையில் நல்ல ரெகுலேட்டரை மாற்றியதற்கு நாங்கள் கொடுத்த பணம் வீண் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தடைகள் இரண்டு இருந்தன. சிலிண்டர் பெட்டிக்குள் ரப்பர் குழாயை இடம் போதாமல் மடக்கித் திணித்திருந்ததால், அது ஓரிடத்தில் நெரிந்து தட்டையாகியிருந்தது. அந்தக் குழாயின் தாழ்ந்த வளைவில் இரண்டு தேக்கரண்டி அளவுக்கு மஞ்சளும் கறுப்புமான எண்ணெய்க் கசடு தேங்கியிருந்தது. சிலிண்டர் தீர்ந்துபோவதைக் கொஞ்சம் தள்ளிப்போட அதைச் சாய்த்து வைக்கும் வழக்கம் எங்களுக்கு இருந்தது. அப்படிச் சாய்த்தால் அடியிலுள்ள கசடும் திரவக் கேஸும் ரெகுலேட்டருக்குள் இறங்கிவிடும் என்றும், திரவம் ஆவியாகும்போது 250 மடங்குக்கு மேல் பெருகுவதால் அடுப்பில் திடீரென்று தீ எகிறக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கும்படி இப்போது பெட்டிக்குள் ஒரு பட்டை போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

இடப்பக்கப் பர்னர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியைக் கரியாக்கியதற்குக் காரணம் வேறாக இருந்தது. அடுப்பைக் கவிழ்த்து, கேஸும் காற்றும் கலக்கும் குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. சுண்டுவிரல் நுனியளவு செம்மண் உருண்டை, அதில் ஒரு பக்கம் ஊசித்துளை, தட்டியதும் உள்ளிருந்து காய்ந்த சிறு புழுக்கள் உதிர்ந்தன. வண்டி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழைக்காக வீட்டில் நின்றிருந்த காலத்தில் இது நடந்திருக்கவேண்டும். காற்று போதாமல் எரிந்தால் தீ மஞ்சளாகத்தான் எரியும். ஜெட்டை ஊசியால் குத்திப் பெரிதாக்கியதால் கேஸ் மட்டும் கூடி, காற்றுக் குறைவு இன்னும் மோசமாகியிருந்தது. குத்திய ஜெட்டைத் திரும்பவும் சிறிதாக்க முடியாது என்று சொல்லி, புதியது போட்டார். அதை மாற்றியபின் எழுந்த தீ, முனையில் துளி மஞ்சள்கூட இல்லாமல் நீலமாக நின்றது.

அடுத்தது நாற்றத்துக்கான தேடல். பர்னர்களை மூடி, கேஸை உள்ளே விட்டு, ரெகுலேட்டரை அடைத்துவிட்டு, மனோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் நீலத் தண்ணீர் 4 செ.மீ. இறங்கியது. வண்டியை வெயிலில் வைத்து இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்று அதைக் கொட்டகைக்குள் இழுத்து நிறுத்தியது எனக்குப் பிடித்திருந்தது. குழாய் சூடேறினால் உள்ளிருக்கும் வாயு விரிந்து, கசிவை மறைத்துவிடும். பிறகு ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார்கள். படுக்கைக்கு அடியிலுள்ள பித்தளை நட்டில் முதலில் கடுகளவு குமிழ் ஒன்று எழுந்தது. அது மெல்ல மிளகளவாகி, உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது. முந்தைய கடையில் வெள்ளை டேப் சுற்றிய அதே இணைப்பு. இந்த வகை இணைப்பில் செப்புக் குழாயின் முனையைப் புனல்போல் விரித்து, பித்தளையின் சரிவான முகத்தோடு அழுத்தியே அடைக்கவேண்டும். கேஸைத் தடுப்பது அந்த இரு உலோக முகங்களின் நெருக்கந்தான், மரையில் சுற்றும் டேப்புக்கு அங்கே வேலையே கிடையாது. டேப்பைப் பிரித்துக் கழற்றியபோது, விரித்த முனையில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு தெரிந்தது. வண்டி ஓட்டத்தின் அதிர்வில் செம்பு இறுகி வெடிப்பதுண்டாம். அந்த முனையை வெட்டியெறிந்து, பிசிறு நீக்கி, புதிதாக விரித்து, உட்புறத்தை என்னிடமே டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் பூட்டினார். மறு சோதனையில் அரை மணி நேரம் தண்ணீர் அசையவில்லை. ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம் இந்தச் சோதனைக்குள் வராது என்பதால், சிலிண்டரைத் திறந்து வைத்து அதைத் தனியாக நுரை தடவிப் பார்த்தார்கள். முடிந்ததும் எல்லா இணைப்புகளையும் வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டது சிறிய காரியந்தான், ஆனால் செய்யவேண்டிய காரியம். அம்மோனியா கலந்த சோப்பு பித்தளையில் தங்கினால் நாளடைவில் வெடிப்பு விழும்.

கும்பகோணம் பித்தளைக்குப் பேர்போன ஊர். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பக்கத்தில்தான் வார்க்கப்படுகிறது. அதனால் உள்ளூரிலேயே கடைந்த நட் கிடைக்குமே, மலிவாக இருக்குமே என்று கேட்டுப் பார்த்தேன். மேஸ்திரி சம்மதிக்கவில்லை. கேஸுக்கென்று அளவு பார்த்துச் செய்த நட்டைத்தான் போடுவேன் என்று திருச்சியிலிருந்து வரவழைத்தார். அதற்கு ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தது. வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் அடிக்கடி போய் உப்புக் காற்றில் நின்றதால் எங்கள் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. விளக்கைத் துலக்குவதுபோல் இவற்றைப் புளிபோட்டுத் தேய்க்கவேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்து, குழிவிழுந்த நட்டை மாற்றிவிடுங்கள் என்றார். பழைய பச்சை நிற ரப்பர் குழாயில் எலிப்பல் பதிந்திருந்ததையும் காட்டினார். தை மாதம் அறுவடை முடிந்ததும் வயலைவிட்டு எலிகள் வீடுகளுக்கும் நிறுத்தி வைத்த வண்டிகளுக்கும் ஏறுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, உள்ளே எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயைப் போட்டு, ஐந்தாண்டுக்குள் மாற்றவேண்டும் என்று அதன்மேல் தேதியையும் எழுதிவிட்டார். பெட்டியின் அடித் துளைகளைத் திறந்து, எலியும் குளவியும் புகாதபடி துருப்பிடிக்காத வலை பொருத்தினார். கசிவு அறிவிக்கும் கருவி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியது.

மொத்தச் செலவு 5,850 ரூபாய்; இதில் கூலி 2,200. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியே விலை எழுதிய பில் கொடுத்தார்கள், மாற்றிய பழைய சாமான்களையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள்.

குறைகளும் உண்டு. ஒரு நாளில் முடியும் என்று சொன்ன வேலை மூன்று நாளானது. நட் வரத் தாமதம் என்பதை நாங்கள் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வெளியூர்க்காரர்களாக இருந்தால் விடுதிச் செலவு சேர்ந்திருக்கும். சோதனையில் கிடைத்த அழுத்த அளவுகளை எழுதித் தரும் வழக்கம் அங்கே இல்லை. நான் வற்புறுத்திக் கேட்டதால் பில்லின் பின்பக்கத்தில் கையால் எழுதிக் கொடுத்தார். இவ்வளவு நன்றாக அளப்பவர்கள் அந்த அளவை ஒரு தாளில் அச்சடித்துத் தந்தால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவு உதவியாக இருக்கும்! தரைக்கடியில் குழாயைப் பிடிக்கும் ரப்பர் வைத்த கிளிப்புகளை இடைவெளி அதிகம் விட்டுப் போட்டிருந்ததால், மயிலாடுதுறை போய்த் திரும்பும்போது குழாய் தகரத்தில் இடித்துச் சத்தம் கேட்டது. திரும்பக் கொண்டுபோனதும் மறுபேச்சில்லாமல் நான்கு கிளிப் கூடுதலாகப் போட்டுத் தந்தார்கள், காசு வாங்கவில்லை. இருந்தாலும் அதை முதல் தடவையே செய்திருக்கவேண்டும்.

எனக்குப் பெரிதாகப்பட்ட குறை வேறு. கசிவைப் பற்றி இவ்வளவு சொன்னவர்கள், கார்பன் மோனாக்சைடு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு நாற்றமும் இல்லை, கேஸ் கசிவுக் கருவி அதைக் கண்டுபிடிப்பதும் இல்லை. வண்டிபோல் அடைத்த சிறிய இடத்தில் அடுப்பு எரியும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்கவேண்டும். மலையில் குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே உலைவைக்கும். எங்கள் இடப்பக்கப் பர்னர் மஞ்சளாக எரிந்த அத்தனை நாளும் இந்த நச்சுவாயு கூடுதலாக வந்துகொண்டுதான் இருந்திருக்கும். வாடிக்கையாளரை அனுப்பும் முன் இதை இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று மேஸ்திரியிடம் நேரிலேயே கேட்டுக்கொண்டேன், சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் அங்கே இருந்தபோது நவக்கிரக யாத்திரைக்கு ஆள் ஏற்றும் வேன்காரர் ஒருவர் வந்து, வீட்டு இணைப்புச் சிவப்புச் சிலிண்டருக்குப் பெட்டி கட்டித் தரச் சொன்னார். தொழிலுக்கு வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தக்கூடாது, பயணிகள் உட்காரும் இடத்துக்குள் பெட்டியும் வைக்கமுடியாது என்று மேஸ்திரி கண்டிப்பாக மறுத்து அனுப்பிவிட்டார். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து, உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள் ஒன்பது பேர் இறந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. வந்த வேலையைத் திருப்பியனுப்பும் துணிவு உள்ள பட்டறையை நம்பி வண்டியை விடலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் உறுதிப்பட்டது.

போகிறவர்கள் முன்னதாகத் தொலைபேசியில் நாள் குறித்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். சோதனை முழுவதையும் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார்கள். அட்டை வாங்குவதில்லை, ஜி-பே உண்டு. கொட்டகையின் முகப்பு தாழ்வு என்பதால் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்த வண்டிகள் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கவேண்டும். போகும் வழியில் கேஸ் நாற்றம் வந்தால் பட்டறைவரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் இறங்கி, எட்டும் நிலையிலிருந்தால் சிலிண்டரை மூடி, தள்ளி நின்று 1906 என்ற கேஸ் கசிவு அவசர உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மேஸ்திரி எங்கள் சிலிண்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் சோதனைத் தேதியையும் "30 – 29 – 27" என்ற மூன்று எண்களையும் பெயின்ட்டால் எழுதியிருக்கிறார்: பர்னர் மூடியபோது, ஒன்று எரியும்போது, இரண்டும் எரியும்போது. அடுத்த சோதனைக்கு ஐப்பசி மழைக்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறார்; புரட்டாசியில் நாள் வாங்கிவிட்டோம்.